நல்லாத்தா வீட்டு வெண்ணெய்ச்செடி

ஈ வரிசையில போகுமான்னு கேக்கறவங்க எங்க சுள்ளிமேட்டுப்புதூருக்கு வந்ததே இல்லைன்னு அர்த்தமுங்க. போச்சு. காலையில ஏழு மணி பஸ்சு ஊரைத் தாண்டினதும், ஒண்ணு பின்னால ஒண்ணா, ரெக்கையை மடிச்சுக்கிட்டு, பறக்கறதையே மறந்துபோன மாதிரி தரையோட தரையா நடந்து, வடக்கு வீதி ஈ, தெக்கு வீதி ஈ, கோயில் வீதி ஈ எல்லாம் நல்லாத்தா வீட்டு வாசப்படி ஏறி, உள்ளே ஸ்டூல் மேல இருந்த மீன்தொட்டிக்குள்ள இறங்கிக் காணாமப் போச்சு. அந்தத் தொட்டியில மீனும் கெடையாது, நீந்தறதுக்குத் தண்ணியும் கெடையாது. காப்பித் தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு செடி இருந்துச்சு. அம்புட்டு ஈயும் அந்த ஒத்தைச் செடிக்குள்ள எப்படி அடங்குச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. நான் சமையக்காரி. ஆறு படி அரிசி எத்தனை பேருக்குக் காணும்னு கேட்டாச் சொல்லுவேன்.

என் பேரு பழனியாத்தா. கல்யாணம், காதுகுத்து, எழவு, எதுன்னாலும் கரண்டி என்னுதுதான். வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்குள்ள பேச்சு, பேசறவங்க பேசட்டும். எங்கூருக்கு நாலு பக்கமும் கோழிப்பண்ணை. ஈ எந்த ஊர்லதான் இல்லை, ஆனா எங்கூர்ல இருந்த மாதிரி எங்கயும் இருக்கக்கூடாது சாமி. வெள்ளைச் சோத்தை எலையில போட்டுட்டுக் கொழம்பு எடுக்கத் திரும்பினா, திரும்பி வர்றதுக்குள்ள அது எள்ளுச்சாதமா மாறியிருக்கும். பேசறதுன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டே பேசுவோம், சிரிக்கறதுன்னா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம், சாப்பிடும்போது சோத்துக்கை சோத்துல கெடக்க, பீச்சாங்கை எலைக்கு மேல ஆடிக்கிட்டே இருக்கும். எங்கூருக் கொழந்தைக அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி கையை ஆட்டக் கத்துக்கும். ஒறம்பரைன்னு வர்ற சொந்தக்காரன் எவனும் எங்கூர்ல கை நனைக்க மாட்டான். அதனால இருபது வருசமா எங்கூருக் கல்யாணம் எல்லாம் அடுத்த ஊரு மண்டபத்துலதான் நடந்துச்சு. சொந்த ஊர்ல ஒரு கல்யாணப் பந்தி போடாத சமையக்காரி நாட்டுல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன், அந்த ஆத்திரம் எனக்கு எப்பவும் உண்டு.

அப்பேர்ப்பட்ட ஊர்ல நல்லாத்தா படுக்கையில விழுந்தா. பதினோரு வருசத்துக்கு முன்னாடி, கொடியில துணி ஒணத்திக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சா. கை, காலு, வாக்கு மூணும் ஒண்ணாப் போயிருச்சு, கண்ணு மட்டும் ஓடும். கையை ஆட்ட முடியாத ஒரு ஆளு கெடைச்சா எங்கூரு ஈ சும்மா விடுமா? நெத்தியில உக்காரும், கடவாயில உக்காரும், கண்ணோரத்து ஈரத்துல வந்து உக்காரும். அவ மக மகுடேஸ்வரி அன்னைக்குக் கையில எடுத்த பனையோலை விசிறிதான், கீழ வெக்கவே இல்லை. பண்ணையில முட்டை தரம் பிரிக்கற வேலைக்கு அவ போற நேரம் மட்டும் பக்கத்து வீட்டுக்காரி நான் அதை வாங்கிக்குவேன், வந்ததும் அவ கைக்குப் போயிரும். ஒத்தைக் கையால சோறாக்குவா, ஒத்தைக் கையால கோலம் போட்டுட்டு ஓடி வருவா, மாரியம்மன் தேரு வீதியில வந்தாலும் ஒத்தைக் கைதான் நெத்திக்குப் போகும், இன்னொரு கை வாசலுக்கு உள்ளே விசிறிக்கிட்டு இருக்கும்.

பொண்ணு கேட்டு வந்தவங்க எல்லாம் ஒரே பேச்சுத்தான்: கல்யாணத்தை மாப்பிள்ளை ஊர்ல வெச்சுக்கலாம். மகுடமும் ஒரே பேச்சுத்தான்.

"எங்கம்மா கட்டில்ல இருந்து பாக்கற தூரத்துல எனக்குத் தாலி ஏறோணுங்க. தூக்கிட்டுப் போனா உசுருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. விட்டுட்டுப் போனா அந்த ஒரு நாளைக்கு அவ மூஞ்சி என்னாகும்?"

வந்தவங்க காப்பியில கெடந்த ஈயைப் பாத்துட்டு டம்ளரைக் கீழ வெச்சுட்டுப் போயிருவாங்க. முப்பத்தொண்ணு ஆயிருச்சு அவளுக்கு.

அந்த நேரத்துலதான் முட்டை லாரி டிரைவரு வெள்ளிங்கிரி வந்து நான் கட்டிக்கறேன்னு நின்னான். நல்ல பையன், பேச்சுக் கம்மி, லோடு ஏத்தும்போது மகுடம் தரம் பிரிக்கற அழகைப் பாத்து மயங்கினவன். ஆனா அவங்கம்மா பாவாயம்மா இருக்கே, அது கொஞ்சம் கறாரான ஆளு. என்னைக் கூப்பிட்டு மூஞ்சிக்கு நேராச் சொல்லுச்சு.

"ஏம்மிணி, அந்த வீட்டு வாசல்லயே கல்யாணம்னாலும் எனக்குச் சம்மதந்தான். ஆவணியில நாளு பாத்துக்கலாம். ஆனா பந்தியில ஒரு ஈ, ஒரே ஒரு ஈ எலையில உக்காந்தாலும் நான் எந்திரிச்சுருவேன். நான் எந்திரிச்சா எம்பையனும் எந்திரிச்சுருவான். அப்புறம் என்னைக் கொறை சொல்லக்கூடாது."

வெள்ளிங்கிரி லாரியை எடுத்தான். அடுத்த நடை கேரளாவுக்கு முட்டை எறக்கப் போனவன் திரும்பி வரும்போது கையில மீன்தொட்டியோட வந்தான். முட்டை வாங்கற வீட்டுக்காரர் வளக்கற செடியாம், பூச்சி திங்கிற செடி. பேரு பட்டர்வொர்ட்டுன்னான். எலை ஒவ்வொண்ணும் தோசைக்கல்லுல இருந்து இப்ப எடுத்து வெண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு ஒரு பிசினோட இருந்துச்சு, அதனால நாங்க வெண்ணெய்ச்செடின்னே கூப்பிட்டோம். வளக்கற வெவரத்தை முட்டை அட்டையைக் கிழிச்சு அதுல எழுதிக் கொண்டாந்திருந்தான். மணலும் தென்னை நார்த்தூளும் போதும், எரு போட்டாச் செத்துரும். மழைத்தண்ணிதான் ஊத்தோணும், எங்கூரு போர்த் தண்ணி மாதிரி உப்பு கலந்தது பட்டா வேரு கருகிரும். அதுவும் தொட்டி அடியில ஈரம் இருந்தாப் போதும், எலை மேல சொட்டக்கூடாது. தொட்டியை முழுசா மூடக்கூடாது, வெயில்லயும் வெக்கக்கூடாது, ஜன்னலோரத்து வெளிச்சம் போதும். மகுடம் அட்டையை ரெண்டு தரம் படிச்சுட்டு, செவுத்துல மாட்டுனா.

"எத்தனை ஈ பிடிக்குங்க?" ன்னு கேட்டா.

"கொசு, கண்ணுப்பூச்சி மாதிரி சின்னதுதான் ஒட்டுமாம். இந்த ஈயெல்லாம் அதுக்குப் பெருசு" ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அம்மா மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சா கொஞ்சமாவது கொறையுமேன்னு..."

பெருசா சின்னதான்னு எங்கூரு ஈ கேக்கலீங்க. செடி வந்த மூணாம் நாளு, நான் விசிறியோட உக்காந்திருக்கேன், நல்லாத்தா நெத்தியில இருந்த ஈ ஒண்ணு காதோரமா இறங்கி, தலையணை மேல நடந்து, கட்டில் காலைப் பிடிச்சுக் கீழ வந்து, தரையைக் கடந்து, ஸ்டூல் ஏறி, தொட்டிக்குள்ள போயிருச்சு. அது பின்னால இன்னொண்ணு. அது பின்னால ஒரு வீட்டு ஈ மொத்தமும். அந்த வாரம் முடியறதுக்குள்ள எங்க வீதி ஈ, வைகாசி முடியறதுக்குள்ள ஊரு ஈ.

ஊரு என்ன செஞ்சுச்சுங்கறீங்க? வழி விட்டுச்சு. ரோட்டைக் குறுக்கால ஈ கடக்கும்போது பஸ்காரர் எஞ்சினை நிறுத்திட்டு ஒரு பீடி குடிப்பாரு. டீக்கடையில வடை போடற நேரம் ஏழே காலுக்கு மாறிருச்சு. "ஈ போனப்புறம் வாரேன்", "ஈ போறதுக்குள்ள குளிச்சுட்டு வா"ன்னு மணி சொல்ற வழக்கம் வந்துச்சு. சண்டையும் வந்துச்சு; சண்டை இல்லாம எங்கூர்ல எது நடந்திருக்கு? தேருக்கு மொதக் கயிறு பிடிக்கறது வடக்கு வீதிதான், அதனால ஈயிலயும் வடக்கு வீதி ஈதான் மொதல்ல போகோணும்னு அந்த வீதிக்காரங்க நின்னாங்க. போன வருசத்துக்கு முந்துன வருசமே தேரை எங்களுக்கு மாத்திட்டாங்கன்னு தெக்கு வீதிக்காரங்க கத்துனாங்க. பெரிய மனுசங்க கூடி, ஒரு நாளைக்கு ஒரு வீதின்னு முடிவு பண்ணினாங்க. ஈ அந்த முடிவைக் கேட்டு நடந்துச்சான்னு எனக்குத் தெரியாது, ஆனா சண்டை நின்னு போச்சு.

மகுடம் பண்ணைக்குப் போனப்புறம் நான் விசிறியை எடுத்துட்டு உக்காந்தா விசிறறதுக்கு ஒண்ணும் இருக்காது. நல்லாத்தா பகல்லயே கண்ணை மூடித் தூங்க ஆரம்பிச்சா. மகுடம் மட்டும் விசிறியை விடலை. "பழகிருச்சுக்கா" ன்னா. ஆவணி பத்தாம் தேதிக்குக் கல்யாணம் குறிச்சு, பத்திரிகையில 'மணமகள் இல்லத்தில்'னு அச்சடிச்சுட்டு வந்தாங்க. அதைப் படிச்சுட்டு நான் என் பெரிய தவலையை எடுத்துப் புளி போட்டு வெளக்கினேன்.

இனிமேச் சொல்றதுதான் எனக்குச் சொல்லவே கூசுது. சொல்லித்தானே ஆகோணும்.

ஆடி மொத வெள்ளி. மகுடம் பண்ணைக்குப் போயிருந்தா. பூசாரி ஆறுச்சாமி முன்னால வர, பின்னால ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் மஞ்சளும் குங்குமமும் பால் சொம்புமா வந்து நின்னாங்க. "ஊரைக் காப்பாத்துன ஆத்தாளை ஆடி வெள்ளியில இப்படிச் சும்மா விட்டா அடுக்குமா பழனியாத்தா?" ன்னாரு பூசாரி. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. கதவைத் தொறந்து விட்டது நான். மொதச் சொம்புப் பாலை ஊத்துனது நான். இருபத்திநாலு சொம்பு பாலு, அதுக்கு மேல மஞ்சத்தண்ணி, அது பிசுபிசுங்குதேன்னு கழுவி விடறதுக்கு ரெண்டு கொடம் போர்த் தண்ணி, அப்புறம் எலைக்கு ஒரு குங்குமப்பொட்டு. கட்டில்ல நல்லாத்தா கண்ணு அங்கயும் இங்கயும் ஓடுச்சு, அட்டை தொங்கற செவுத்துக்கும் என் மூஞ்சிக்குமா ஓடி ஓடித் தண்ணி தண்ணியா வழிஞ்சுச்சு. பக்தியில அழுகறான்னு நெனச்சேனுங்க. "பாருங்கடி, நல்லாத்தாளுக்கு அருளு வந்துருச்சு" ன்னு நாந்தான் சொன்னேன். என் வாய்ல மண்ணைப் போட.

மூணு நாள்ல நடு எலை கருத்துப் போயி, தொட்டியில புளிச்ச வாடை வந்துச்சு. நாலாம் நாளு காலையில வரிசையாப் போயிட்டிருந்த ஈ பாதி ரோட்டுல நின்னுச்சு. சித்த நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் இருபது வருசமா மடிச்சு வெச்ச மாதிரி ரெக்கையை விரிச்சுக் கெளம்பி ஊருக்குள்ள திரும்பி வந்துச்சு. நான் விசிறியைத் தேடறதுக்குள்ள நல்லாத்தா கண்ணோரத்துல ஆறு ஈ.

மகுடம் தொட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா. "அக்கா, நீங்களுமா?" ன்னா. அவ்வளவுதான் கேட்டா. கன்னத்துல நாலு அறை அறைஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

அழுவா, கல்யாணத்தை நிறுத்துவான்னு நான் நெனச்சேன். அவ உக்காந்து, அழுகாம மிச்சமிருந்த எலையை ஒவ்வொண்ணா அடியோட பிச்சா. வாசல்ல நின்ன கூட்டம் பதறிப் போச்சு. "பாவி, உசுரோட பிய்க்கிறாளே!" ன்னு பூசாரி தலையில அடிச்சுக்கிட்டாரு. மகுடம் திரும்பி முட்டை அட்டையைக் காட்டுனா, கடைசி வரியை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா: நல்ல எலையைப் பிச்சு ஈர மணல் மேல வெச்சா அதுல இருந்து புதுசு மொளைக்கும்.

"தொட்டிக்குப் பால் ஊத்துன கை எல்லாம் இங்க நீட்டுங்க" ன்னா. நீட்டுனாங்க. இருபத்தாறு எலை இருந்துச்சு, ஊர்ல அம்பத்திரண்டு வீடு. ரெண்டு வீட்டுக்கு ஒரு எலை. நானும் பூசாரி வீடும் ஒரு எலைக்குப் பங்காளி ஆனோம், அதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள ஆறு வருசமாப் பேச்சுவார்த்தை சரியில்லை, கோயில் பொங்கல்ல உப்புப் பத்தலைன்னு அந்த மனுசன் சொன்னதுல இருந்து.

ஊறுகாய்ச் சாடி, ஒடைஞ்ச லாந்தர் கண்ணாடி, பழைய மீன்தொட்டி, எது கெடைச்சுதோ அதுல மணலைப் போட்டோம். தண்ணிக்கு எங்க போறது? ஆடியில எங்கூர்ல காத்துத்தான் அடிக்கும், மழை எட்டியும் பாக்காது. அப்பத்தான் வெள்ளிங்கிரி போன்ல கேட்டுச் சொன்னான், ஏசியில இருந்து சொட்டற தண்ணியில உப்பு இருக்காது, அது ஆகும்னு. ஊர்ல ரெண்டே ரெண்டு ஏசி. ஒண்ணு பண்ணைக்காரர் படுக்கற ரூம்புல, ஒண்ணு ஏடிஎம்ல. பண்ணைக்காரம்மா ஊரு நன்மைக்காகப் பகல் பூரா ஏசியைப் போட்டுட்டு, மத்தியான வெயில்ல கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஏடிஎம்முக்குப் பின்னால சொட்டு விழற எடத்துல போசியும் சொம்புமா வரிசை நிக்கும். காவலுக்கு இருந்த ராணுவத்துக்காரர் ஆளுக்கு அரை டம்ளர்னு அளந்து விடுவாரு. அதைக் கொண்டாந்து, எலை மேல படாம, சாடி ஓரமா நாங்க விடற பக்குவத்தைப் பாக்கோணுமே, பச்சப்புள்ளைக்கு மருந்து ஊத்தறது கெட்டுது போங்க. பூசாரி தெனமும் சாடிக்கு மூணு முழம் தள்ளி நின்னு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு மனசுக்குள்ளயே கும்பிடுவாரு.

ஒண்ணும் மொளைக்கலை. ஆடி பத்து, ஆடிப்பெருக்கு, ஆடி இருபத்தஞ்சு. எலை நுனி பழுத்துச்சு, நாலு வீட்டுல அழுகியே போச்சு. பாவாயம்மா ஆள் விட்டுக் கேட்டுச்சு, மண்டபம் பேசட்டுமான்னு. மகுடம் நல்லாத்தாளுக்கு விசிறிக்கிட்டே சொன்னா, "வேண்டாம்னு சொல்லுங்க." நான் ஊட்டுக்குப் போயி அடுப்புக்கு முன்னால உக்காந்து ஓ...ன்னு அழுதேன்.

ஆடி முப்பது. சாடிக்குள்ள எட்டிப் பாக்கறேன், பழுத்த எலையோட அடியில, காம்பு இருந்த எடத்துல, கடுகத்தனை பச்சையா ஒண்ணு. கண்ணைக் கசக்கிட்டுப் பாத்தேன். ஒண்ணில்லை, மூணு. கையில இருந்த கரண்டியோட வீதியில ஓடுனேன், வாயைத் தொறந்து கத்திக்கிட்டே ஓடுனேன், ரெண்டு ஈ உள்ள போச்சு, துப்பிட்டு மறுபடி கத்துனேன். அன்னைக்குப் பொழுதுக்குள்ள இருபது வீட்டுல இருந்து அதே சத்தம்.

ஆவணி பத்தும் வந்துச்சு. குட்டிச்செடி ஒவ்வொண்ணும் சட்டைப் பொத்தான் அளவுதான். நல்லாத்தா வீட்டு வாசல்ல பந்தல், கட்டிலைக் கதவுக்கு நேராத் திருப்பிப் போட்டிருந்தோம். பாவாயம்மா சொந்தபந்தத்தோட வந்து மொத வரிசையில உக்காந்து, விரிச்ச எலையைக் கண்ணெடுக்காமப் பாத்துச்சு. ஏழு மணி பஸ் போச்சு. ஈ போகலை. பந்தக்கால்ல, தோரணத்துல, வாழைமரத்துல, எங்க பாத்தாலும் அதுக. எட்டு ஆச்சு. நான் பாயசத் தவலை மூடி மேல ஏறாத கொறையா உக்காந்துக்கிட்டேன். ஒம்பதுக்கு முகூர்த்தம். கல்யாணச் சீரு நடத்தி வெக்கற அருமைக்காரர் கூப்பிட்டாரு, "பொண்ணு வரலாமுங்க."

மகுடம் பட்டுச்சேலையோட கட்டிலோரம் உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தா. எந்திரிச்சா, மறுபடி உக்காந்தா. நல்லாத்தா நெத்தியில ஒரு ஈ. ஓட்டுனா, மறுபடி வந்துச்சு. "விசிறியை இங்க குடு அம்மணி, நான் பாத்துக்கறேன், நீ போ" ன்னு நான் ஓடுனேன். அவ விரலு விசிறியை விட மாட்டேங்குது.

அப்பத்தான் அந்த ஈ காதோரமா இறங்குச்சு. தலையணையில நடந்து, கட்டில் காலைப் பிடிச்சு இறங்கி, ஸ்டூல் பக்கம் போச்சு. அங்க நல்லாத்தா பங்குக்கு ஒரு பொத்தான் செடி. வெளிய பாத்தேன். தோரணத்துல இருந்து ஒரு வரிசை இறங்குச்சு, பந்தக்கால்ல இருந்து ஒரு வரிசை, வாழைமரத்துல இருந்து ஒரு வரிசை. ஒரே வரிசையாப் போகலீங்க, இருபத்திரண்டு வரிசையாப் பிரிஞ்சு, ஒறம்பரை கால் வெச்ச எடத்தையெல்லாம் சுத்திக்கிட்டு, அவங்கவங்க வீட்டு ஈ அவங்கவங்க வீட்டுச் சாடிக்குன்னு வீதியைக் கடந்து போச்சு. மாப்பிள்ளை வீட்டாளுக காலைத் தூக்கிக்கிட்டு வழி விட்டாங்க. எங்கூருக்காரங்க நிமுந்து கூடப் பாக்கலை, பழகுன காரியந்தானே.

மகுடம் விசிறியைக் கட்டில்ல வெச்சுட்டு எந்திரிச்சா. தாலி ஏறுச்சு. மகுடம் அவங்கம்மாவைப் பாத்துக் கும்பிட்டா. ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டா. பதினோரு வருசத்துல அவ ரெண்டு கையும் ஒண்ணுசேந்து நான் பாத்தது அன்னைக்குத்தான், என் கண்ணுல தண்ணி வந்துச்சு. நல்லாத்தா கண்ணுலயும் வந்துச்சு, இந்தத் தடவை அது எதுக்குன்னு எனக்குச் சந்தேகமே இல்லை.

பந்தியில நான் தவலை மூடியைத் தொறந்து வெச்சே பரிமாறினேன். எங்காளுக எல்லாம் ஈயில்லாத எலை மேல பீச்சாங்கையை ஆட்டிக்கிட்டே தின்னாங்க. பாவாயம்மா பாயசத்தை வழிச்சுக் குடிச்சுட்டு, "ஏனுங்க, எதை ஓட்டறீங்க எல்லாரும்?" ன்னு கேட்டுச்சு. கையெல்லாம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் யாரோ ஒருத்தர் சிரிக்க, ஊரே வாயைத் தொறந்து சிரிச்சுச்சு, பூசாரிக்குக் கடவாப்பல்லு ரெண்டு இல்லைன்னு அன்னைக்குத்தான் எல்லாத்துக்கும் தெரியும்.

"இன்னொரு கை பாயசம் போடும்மிணி" ன்னு பாவாயம்மா எலையை நீட்டுச்சு. தவலை காலி. ரெண்டாம் தவலையைக் கொதிக்க வெக்கறேன், அடுப்புல வெறகு ஈரம், பிடிக்க மாட்டேங்குது. கட்டில்ல, கைக்கு எட்டுன எடத்துல கெடந்ததை எடுத்து அடுப்புக்குள்ள தள்ளுனேன்.

கொஞ்ச நேரத்துல மகுடம் மாலையும் கழுத்துமா ஓடி வந்தா. "அக்கா, விசிறி எங்க? கட்டில்ல காணோம்."

"எரிச்சுட்டேன் அம்மணி" ன்னேன்.

அடுப்பைப் பாத்தா. பதினோரு வருசத்து விசிறி. ஒரு தவலைப் பாயசம் கொதிக்கறதுக்குக் கூட அது பத்தலை.